காவின் முடிந்த குமர்

போன கிழமை நம்முடைய மொழிபெயர்ப்புக் கந்தோருக்கு வந்திருந்தேன். வேலை ஒன்றும் இல்லை, சும்மாதான் வந்தேன். ஓய்வெடுத்த பிறகு வீட்டில் இருந்து இருந்து கால் மரத்துப் போகிறது. கல்முனை பஸ் நிலையத்து இரைச்சல் காதில் விழாவிட்டால் எனக்குப் பகல் சோறு இறங்குவதில்லை. என் பழைய கதிரையில் உங்களில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். யார் என்று சொல்லமாட்டேன், வாசிக்கும்போது அவருக்கே தெரியும். எதிரே ஒரு இளம் பெண்ணும் அவளுடைய மாமாவும். "கலியாணம் முடிச்சிட்டீங்களா?" என்று நம்முடைய ஆள் கேட்டார். "இல்ல" என்று மாமா சொன்னார். நம்முடைய ஆள் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஓய்வெடுத்த ஆள் நடுவில் மூக்கை நுழைத்தால், வருகிற சனத்துக்கு உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும். வீட்டுக்கு வந்து பிளேன்டீ ஊற்றிக் குடித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் கோபமாகவும் இருந்தேன். இப்போது கோபம் ஆறிவிட்டது, பயப்படாமல் வாசியுங்கள்.

படிவம் நிரப்புவது எப்படி என்று நான் சொல்லித் தரப்போவதில்லை. அது வருஷத்துக்கு ஒரு தரம் மாறுகிறது. என்னைவிட உங்கள் கைபேசிக்கு அது நன்றாகத் தெரியும். நான் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளராக, எல்லாருக்கும் ராத்தாவாக, ஒரு அக்காவாக, இந்த ஊரில் சீல் அடித்த காலம் முழுவதும் பார்த்தது வேறொன்று. நம்முடைய ஆட்களின் வாழ்க்கை ஒரு மாதிரி இருக்கிறது. அக்கரை நாடுகளின் கேள்விகள் வேறு மாதிரி இருக்கின்றன. நடுவில் உட்கார்ந்திருப்பது நாம். இரண்டு பக்கமும் உண்மை பேசும்போதே பொய் உண்டாகிற இடம் அது.

ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். சம்மாந்துறையில் இருந்து ஒருவர் வந்தார். மகனைத் தன்னோடு அவுஸ்திரேலியாவுக்கு எடுக்க வேண்டும் என்றார். தங்கமான மனிதர், ஐந்து நேரத் தொழுகையாளி. பையனுடைய பிறப்புப் பத்திரத்தைப் பார்த்தால் வாப்பாவின் பெயர் வேறு. கேட்டதும் அவருக்குக் கண் சிவந்துவிட்டது. "நான் வளர்த்த புள்ள ராத்தா. பொறந்த அண்டைக்கே என்ட தங்கச்சி என்ட மடியில போட்டா. இவன் என்ட மகன் இல்லாட்டி ஆர்ர மகன்?" என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் பிழை இல்லை. நம்முடைய வீடுகளில் பிள்ளையில்லாத ஆளுக்கு உடன்பிறந்தவர் பிள்ளை கொடுப்பது வழமை. அதற்கு யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை. ஆனால் அந்த நாட்டுக்கு அவன் மருமகன்தான். நான் அதைச் சொன்ன நேரம் அந்த மனிதர் பையனுடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்த இருப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

இந்த வேலையை எனக்குப் பழக்கியவர் பாண்டிருப்பைச் சேர்ந்த ஒரு பெரியவர், நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சுருட்டு நாற்றமும் முன்கோபமும் சேர்ந்த ஆள். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினால், வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிடுவார். வாசிக்கமாட்டார். "கடுதாசி கிடக்கட்டும். வீட்டில என்ன நடக்குது எண்டு சொல்லுங்க" என்பார். ஆட்கள் தங்களுடைய கதையைச் சொல்லி முடித்த பிறகுதான் பத்திரத்தைத் திருப்புவார். எனக்கு அப்போது இருபத்தைந்து வயசு. வேலை மெத்தனமாக நடக்கிறது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு நானும் அதையே செய்தேன், கடைசி நாள்வரை செய்தேன். நீங்கள் மட்டும் செய்வதில்லை. வெளியே ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், எனக்கும் தெரியும்.

இனிச் சிபானாவின் கதைக்கு வருகிறேன். இது பழைய காலத்துக் கதை இல்லை. நான் ஓய்வெடுப்பதற்குக் கொஞ்சம் முந்தி நடந்தது.

சிபானா சாய்ந்தமருதுப் பிள்ளை. முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். வாப்பா அவள் சின்னதாக இருக்கும்போதே மவுத்து. உம்மா ஜெஸீமா, பிள்ளையைத் தன் தங்கச்சியிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். அங்கே வேலை செய்த குடும்பம் கனடாவுக்குப் போகும்போது இவளையும் கூட்டிக்கொண்டு போனது. பிறகு அவர்களை விட்டு விலகி, வயசானவர்களைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்து, அலைந்து திரிந்து, கடைசியில் அங்கே நிரந்தர வதிவிடம் கிடைத்தது. அதற்கான காட், வதிவிட அட்டை, கிடைக்கும்வரை நாட்டை விட்டு வெளியே போனால் எல்லாம் குழம்பிவிடும் என்று ஊருக்கு வராமலே இருந்துவிட்டாள். பிள்ளை பல்லு விழுந்து முளைத்ததையும் பெரிய மனிசியானதையும் அவள் கைபேசித் திரையில்தான் பார்த்தாள்.

காட் கிடைத்த கையோடு ஜெஸீமா செய்த முதல் வேலை மகளைத் தன்னிடம் எடுக்க ஸ்பொன்சர் போடுவது. அந்த நாட்டுச் சட்டத்தில், தாயில் தங்கியிருக்கும் பிள்ளை என்று சொல்ல வேண்டுமானால் இருபத்திரண்டு வயசு ஆகியிருக்கக் கூடாது, துணை இருக்கவும் கூடாது. சிபானாவுக்கு இருபத்தொன்று முடியப் போகிறது. அவசரம் என்றால் அப்படி ஒரு அவசரம்.

அவளைக் கூட்டிக்கொண்டு வந்தவர் சாச்சா, உம்மாவின் தங்கச்சியான சாச்சியின் புருஷன். பிள்ளையை வளர்த்த மனிதர், கெட்டவர் இல்லை. ஆனால் கேள்வி அவளிடம் கேட்டால் பதில் அவரிடமிருந்துதான் வரும். நான் பிறப்பு அத்தாட்சியை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

"வீட்டில என்ன நடக்குது மகள்?"

"வீடு கட்டுறம் ராத்தா" என்றாள் சிபானா. "உம்மா காசு அனுப்புறா. கூரை போட்டாச்சி. அவர் லீவுல வாறதுக்கிடையில பூச்சும் முடிக்கணும்."

"அவர் எண்டா ஆரு?"

பிள்ளை நிலத்தைப் பார்த்தது. காது நுனி சிவந்தது. சாச்சாதான் சொன்னார். "மாப்பிள்ளை, ராத்தா. அக்கரைப்பற்றுப் பொடியன், கட்டார்ல வேலை. போன பெருநாள் கழிய காவின் எழுதி வெச்சிரிக்கம். கலியாணம் இன்னும் இல்ல. புள்ள குமருதான்."

வெளியூர் ஆள் யாராவது இதை வாசித்தால் குழம்பக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். நம்முடைய பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். அதற்கு முதலில் வீடு வேண்டும். வீடு முடிய வருஷக் கணக்காகும். அதற்கிடையில் மாப்பிள்ளை கைநழுவிப் போகக்கூடாது என்று நிக்காஹ்வைப் பதிவுகாரரின் புத்தகத்தில் எழுதி வைத்துவிடுவார்கள். அதைத்தான் காவின் என்கிறோம். பெண் தன் வீட்டில், மாப்பிள்ளை தன் வீட்டில் அல்லது கட்டாரில். வீடு முடிந்து, விருந்து கொடுத்து, மாப்பிள்ளை வாசல் மிதிக்கிற நாள்தான் ஊருக்குக் கலியாண நாள். அதுவரைக்கும் அவள் குமர். உம்மாவும் அப்படித்தான் சொல்வாள், அயலும் அப்படித்தான் சொல்லும், பிள்ளையும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். சட்டத்துக்கு மட்டும் அவள் ஒருவருடைய மனைவி.

"பதிவுகாரர் எழுதினதா?" என்று கேட்டேன்.

"ஓம். புள்ளட பெரியப்பா வலியா, வாப்பாட இடத்தில நிண்டு கையெழுத்து வெச்ச" என்றார் சாச்சா.

நான் பேனையை மூடினேன். விசயத்தைச் சொன்னேன். சாச்சாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார். "ராத்தா, கனடாக்காரனுக்குச் சாய்ந்தமருதுக் காவின் தெரியுமா?"

"அவனுக்குத் தெரியா. எனக்குத் தெரியும்" என்றேன்.

அவர் முகம் சுருங்கிப் போனது. "நீங்க எழுதாட்டி எழுதுறதுக்கு ஆள் இருக்கு" என்றார். இருக்கிறார்கள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த வேலையில் பொய் உடனே தலையைக் காட்டாது. அது வருஷக் கணக்கில் படுத்துக் கிடந்து, பிள்ளைக்குப் பிள்ளை பிறந்த பிறகு, மாப்பிள்ளையை எடுக்கப் போகிற அன்றைக்கு எழும்பி நிற்கும். அப்போது மகளுக்கு மட்டும் இல்லை, தாயின் காட்டுக்கும் கேள்வி வரும். இதை அவருக்கு நான் ஆறுதலாக எடுத்துச் சொன்னேன். சிபானா எழும்பிப் போகும்போது கவிழ்த்து வைத்த பத்திரத்தைத் தானே எடுத்து உறைக்குள் வைத்தாள்.

அடுத்த நாள் ஜெஸீமா அழைத்தாள். திரையில் தெரிந்தது பருத்த ஸ்வெட்டருக்குள் ஒரு களைத்த முகம். பின்னால் யன்னலுக்கு வெளியே வெள்ளை வெளேரென்று பனி. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, அந்தக் காவின எழுதச் சொன்னதே நான்தான்" என்றாள். "தங்கச்சி வேணாம் எண்டா. வீடு முடியட்டும் எண்டா. நான்தான் கேக்கல்ல. உம்மா கிட்ட இல்லாத குமரு. ஊராக்கள் வாய சும்மா வெச்சிக்கிட்டா இருப்பாங்க? ஒருத்தர்ர பேருக்குள்ள புள்ள இருந்தா எனக்கு ராவைக்கு நித்திரை வரும் எண்டு நினைச்ச. அண்டைக்கு இஞ்ச இருக்கிற ஆக்களுக்கெல்லாம் வட்டிலப்பம் செஞ்சி குடுத்த நான்." பிறகு குரல் இறங்கிவிட்டது. "அப்ப கதவ சாத்தின ஆள் நான்தானே, ராத்தா."

இப்படி ஒரு சொல் வரும்போது என்ன பதில் சொல்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரமாட்டார்கள். நான் அழுதுவிட்டேன். அழுதது நல்லதுதான், இல்லாவிட்டால் ஏதாவது ஆறுதல் சொல்லிக் கெடுத்திருப்பேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான நெருக்கடி வந்தது. சாச்சா மறுபடி வந்தார். இந்த முறை தனியே வரவில்லை. கொழும்பில் விசா வேலை பார்க்கிறேன் என்று சொன்ன ஒரு வெள்ளைச் சேர்ட்டுக்காரரையும் கூட்டி வந்திருந்தார். அந்த மனிதர் கதிரையில் சாய்ந்துகொண்டு வழி சொன்னார். மாப்பிள்ளை தலாக் சொல்லட்டும். காதி நீதிபதியிடம் போய்ப் பிரிந்ததற்குப் பத்திரம் எடுக்கலாம். பிரிந்த பிள்ளைக்குத் துணை இல்லை, வயசும் உள்ளே. அனுப்பிவிட்டு, அங்கே கால் ஊன்றிய பிறகு திரும்பக் காவின் எழுதி மாப்பிள்ளையையும் எடுக்கலாம். "கடுதாசியில மட்டும்தான் ராத்தா" என்றார் சாச்சா. "ரெண்டு பேரும் இன்னும் ஒரு பாயில இருந்த ஆக்களும் இல்ல."

சட்டத்தில் அப்படி ஒரு ஓட்டை இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. உண்மையில் பிரிந்த பிள்ளை என்றால் நானே எழுதிக் கொடுத்திருப்பேன். ஆனால் இது திரும்பச் சேர்வதற்காகப் பிரிவது. அதுபோக, விளையாட்டுக்குச் சொன்ன தலாக்கும் தலாக்தான் என்பது இந்த ஊரில் ஓதப் போகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததை அந்த மேசையைச் சுற்றி இருந்த எவரும் வாயால் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் கட்டாரில் இருந்து மாப்பிள்ளை இம்தியாஸ் அழைத்தான். நான் திட்ட ஆயத்தமாக இருந்தேன். அந்தப் பொடியன் ஸலாம் சொன்ன விதத்திலேயே எனக்குக் கோபம் போய்விட்டது. பின்னால் கொன்கிரீட் குழைக்கிற மெசினின் சத்தம் கேட்டது. "மாமி இவ்வளவு காலம் கஷ்டப்பட்டது புள்ளைய கிட்ட எடுக்கத்தானே ராத்தா. நான் இடைஞ்சல் எண்டா நான் விட்டுத் தாறன். எனக்கு மனசில ஒண்டும் இல்ல எண்டு சொல்லுங்க" என்றான். மனசில் ஒன்றும் இல்லாத குரல் அப்படி இருக்காது.

ஜெஸீமாவும் திரும்ப அழைத்தாள். நாள் நெருங்குகிறது, ராத்தா, ஏதாவது செய்யுங்க, ராத்தா. அந்தக் கெஞ்சலுக்கு முன்னால் நிற்பது லேசில்லை. ஒரு கையெழுத்தும் ஒரு சீலும் போட்டால் ஒரு தாய்க்குப் பிள்ளை கிடைக்கும் என்று எல்லாரும் சொல்லும்போது, வேண்டாம் என்று சொல்கிற ஆள் கல்நெஞ்சக்காரியாகத்தான் தெரிவாள். என் மருமகளே என்னைப் பார்த்து, "மாமி, உங்களுக்கென்ன, எழுதிக் குடுத்தா முடிஞ்சிதானே" என்று கேட்டாள்.

எது சரி என்று எனக்குத் தெளிவாக இருக்கவில்லை. உங்களுக்கு நான் அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒரு விசயம் உறுத்திக்கொண்டே இருந்தது. உம்மா சொன்னாள், சாச்சா சொன்னார், மாப்பிள்ளை சொன்னான், வெள்ளைச் சேர்ட்டுக்காரரும் சொன்னார். சிபானா சொன்னது என்று என்னிடம் இருந்தது, "கூரை போட்டாச்சி" மட்டும்தான். அவளுடைய காவினுக்குக் கையெழுத்து வைத்தவர் பெரியப்பா. தலாக் சொல்லப் போகிறவன் இம்தியாஸ். ஸ்பொன்சர் போடுகிறவள் ஜெஸீமா. அந்த விண்ணப்பத்தில் மட்டும்தான், பிள்ளை பெரிய ஆள் என்பதால், அவளே கையெழுத்து வைக்க வேண்டிய இடம் ஒன்று இருந்தது. அவளுடைய வாழ்க்கையை முடிவு செய்கிற கடுதாசிகளில் அவளிடம் கையெழுத்துக் கேட்ட முதல் கடுதாசி அதுதான்.

சாச்சாவை அழைத்து, "புள்ளைய தனிய அனுப்புங்க. நீங்க வந்தா நான் கதவு திறக்கமாட்டன்" என்று சொன்னேன்.

முன்பள்ளி முடிந்து வந்தாள். உடுப்பில் சாயம் பூசின சின்னச் சின்னக் கைகளின் அடையாளம். கந்தோரில் வேறு யாரும் இல்லை. நான் மேசையில் ஒரு கடுதாசியும் வைக்கவில்லை.

"உனக்கு என்ன விருப்பம் மகள்?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். அந்தக் கேள்விக்குப் பழக்கமில்லை. கொஞ்சம் பொறுத்து, "தெரியா ராத்தா" என்றாள். நான் காத்திருந்தேன். நீங்களும் அந்த இடத்தில் காத்திருக்கப் பழக வேண்டும். இரண்டாவது கேள்வி கேட்டுவிடாதீர்கள்.

"உம்மாவும் போனுக்குள்ள. அவரும் போனுக்குள்ள" என்று மெதுவாகத் தொடங்கினாள். "காலைல எழும்பினா உம்மா, ராவைக்கு அவர். எனக்கு உம்மாட கை எப்பிடி இருக்கும் எண்டு மறந்து போச்சி ராத்தா. சின்னதில தலைக்கு எண்ணெய் வைக்கிறது ஞாபகம் இருக்கு, கை ஞாபகம் இல்ல. விமானம் ஏறினா முதல்ல அந்தக் கையத்தான் பிடிச்சிப் பாக்கணும் எண்டு நினைச்சிட்டே இருப்பன்."

"அப்ப போ."

"அவர் அண்டைக்கு எனக்கும் கோல் எடுத்த. விட்டுத் தாறன் எண்டு சொன்ன. நல்லா சிரிச்சிக்கிட்டுத்தான் சொன்ன." அவள் சேலைத் தலைப்பு மாதிரி அபாயாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "அவர் அப்பிடிச் சொன்ன பொறகுதான் எனக்கு அவர விட ஏலா எண்டு தெரிஞ்ச. அதுக்கு முந்தி எனக்கே தெரியா ராத்தா. உம்மா இல்லாம இருக்க நான் பழகிட்டன். நல்லதோ கெட்டதோ பழகிட்டன். இன்னொரு ஆள் இல்லாம இருக்கத் திரும்பப் பழக எனக்கு ஏலா."

இதைச் சொல்லிவிட்டு மேசையில் தலையை வைத்து அழுதாள். உம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று கேட்டாள். நான் சொல்லித் தரவில்லை, அவளுடைய உம்மா அவள். என் கைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்து அழைப்பை எடுத்துக் கொடுத்தேன். எழும்பி வெளியே போகப் பார்த்தேன். சிபானா என் கையைப் பிடித்து இருத்திவிட்டாள்.

அவள் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், கையைப் பற்றிச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டாள். திரையில் ஜெஸீமா அசையவில்லை. லைன் போய்விட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன். போகவில்லை. பின்னால் பனி விழுந்துகொண்டிருந்தது.

"ஹயாத்தோட இருங்க மகள்" என்று நீண்ட ஆயுசுக்கு வாழ்த்தினாள் கடைசியில். பிறகு வேறு யாருடைய கதையோ பேசுவது போல, "குசினிக்குப் பக்கத்து அறைக்கு யன்னல் வெச்சாச்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல உம்மா."

"மேசன்கிட்ட சொல்லுங்க, கிழக்கால வைக்கட்டும். வீட்ட கடலுக்குத் தள்ளித்தான் கட்டுறம், காத்தாவது வந்து போகட்டும்."

அந்த நேரம்தான் எனக்கு விளங்கியது. நம்முடைய பக்கத்தில் மகளுக்கு வீட்டைக் கொடுத்த தாய் அந்த வீட்டிலேயே ஓரமாக, குசினிக்குப் பக்கத்தில், ஒரு சின்ன அறையில் இருந்துவிடுவாள். மகளைக் கனடாவுக்கு எடுக்கப் போகிற தாய் எதற்காக இங்கே அப்படி ஓர் அறை கட்டினாள்? ஜெஸீமா ஒரு பக்கம் மகளைத் தன்னிடம் எடுக்க ஓடிக்கொண்டிருந்தாள். இன்னொரு பக்கம், தனக்கே தெரியாமல், தான் மகளிடம் வந்து சேர இடம் கட்டிக்கொண்டிருந்தாள். விண்ணப்பத்துக்கு முதல் ஆசைதான் தெரியும். இரண்டாவது ஆசையைச் சொல்ல அதில் கேள்வியே இல்லை.

வெள்ளைச் சேர்ட்டுக்காரர் பிறகு வரவில்லை. சாச்சா மட்டும் கொஞ்ச நாள் என்னை ரோட்டில் கண்டால் மறுபக்கம் திரும்பிப் போனார். சிபானாவின் இருபத்திரண்டாவது பிறந்தநாள் ஒரு சாதாரண நாளாகக் கடந்து போனது. அன்றைக்கு எனக்குத்தான் ஒரு வேலையும் ஓடவில்லை.

வீடு முடிந்தது. இம்தியாஸ் லீவில் வந்தான். கலியாணத்துக்கு ஜெஸீமாவும் வந்தாள். நான் போயிருந்தேன், சோறும் நன்றாக இருந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து வான் வந்து நின்றதும் உம்மாவும் மகளும் கட்டிப்பிடித்து ஊரையே அழவைப்பார்கள் என்று எல்லாரும் நினைத்திருந்தார்களாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சாச்சி சொன்னாள். இரண்டு பேரும் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார்களாம். பிறகு சிபானா உம்மாவின் வலது கையை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். ஏன் அப்படிப் பார்த்தாள் என்று சாச்சிக்கு விளங்கவில்லை. நான் விளக்கவில்லை.

லீவு முடிந்து திரும்பிப் போவதற்கு முதல் நாள் தாயும் மகளும் எனக்கு ஸலாம் சொல்லக் கந்தோருக்கு வந்தார்கள். நான் ஓய்வெடுக்கப் போகிற கிழமை அது, அலுமாரியைத் துப்புரவு செய்துகொண்டிருந்தேன். ஜெஸீமா பெரிய கதைகாரி. கனடாக் குளிரைப் பற்றியும் தான் பார்க்கிற கிழவி தன்னைத் திட்டுகிற திட்டைப் பற்றியும் சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தாள். சிரிப்பு அடங்கியதும் சிபானா என்னிடம் திரும்பிக் கேட்டாள்.

"ராத்தா, நான் உம்மாவ இஞ்ச ஸ்பொன்சர் பண்ண என்ன பத்திரம் வேணும்?"

பகிடி இல்லை. உண்மையாகவே கேட்டாள். அவளுக்குத் தெரிந்தவரை இரண்டு மனிதர் ஒரு வீட்டில் சேர்ந்திருக்க வேண்டும் என்றால் எங்கோ ஒரு கந்தோர் அனுமதி தர வேண்டும். அப்படித்தான் அவள் வளர்ந்திருக்கிறாள்.

"ஒண்டும் வேணாம் மகள்" என்றேன். "உம்மா இன்னும் இந்த நாட்டு ஆள்தான். பாஸ்போட் கையில இருக்கு. நினைச்ச நேரம் வரலாம், நினைச்ச காலம் இருக்கலாம். ஆர்ர கையெழுத்தும் தேவல்ல."

ஜெஸீமா என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. பிள்ளையோடு சேர்வதற்காக அந்த மனிசி எத்தனை படிவத்தில் கையெழுத்து வைத்திருப்பாள். ஒரு கடுதாசியும் கேட்காத வழி ஒன்று முழுக் காலமும் திறந்தே கிடந்திருக்கிறது. அது அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரியும். யாரும் வாயால் சொன்னதில்லை, அவ்வளவுதான். அவள் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு வருஷம்தான் ராத்தா" என்றாள். "அந்தக் கிழவியும் பாவம், என்ன விட்டா ஆளில்ல. ரெண்டு வருஷத்தில வந்திருவன். அந்த அறைய ஆருக்கும் குடுத்திராதீங்க மகள்."

இதுதான் கதை. போன கிழமை வந்த அந்தப் பெண்ணை நீங்கள் திரும்ப அழைக்க வேண்டும். மாமாவை வெளியே பிளேன்டீ குடிக்க அனுப்புங்கள். கலியாணம் முடிந்ததா என்று கேட்காதீர்கள், அதற்கு அவள் உண்மையாகவே இல்லை என்றுதான் சொல்வாள். காவின் எழுதியாச்சா என்று கேளுங்கள். அதைவிட முக்கியமாக, பத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவளுக்கு என்ன விருப்பம் என்று கேளுங்கள். "தெரியா" என்பாள். காத்திருங்கள். வரிசை வரிசையாகவே நிற்கட்டும்.

நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு சாய்ந்தமருதுக்குப் போனேன். இம்தியாஸ் திரும்பக் கட்டாருக்குப் போய்விட்டான், அடுத்த லீவு எப்போது என்று தெரியாது. சிபானா எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு, குசினிக்குப் பக்கத்து அறையைத் திறந்து காட்டினாள். கட்டிலில் புதுவிரிப்பு. யன்னலைத் திறந்ததும் கடல் காற்று வந்து விரிப்பின் நுனியைத் தூக்கியது. தூசி ஒரு துளி இல்லை. தினமும் கூட்டுகிறாள் போல.

"உம்மா என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

"இன்னும் ரெண்டு வருஷமாம் ராத்தா" என்றாள், விரிப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டே. "போன வருஷமும் ரெண்டுதான் சொன்ன."